பாகல் பந்தலில் தேன்சிட்டுக் கூடு... மருந்து அடிக்கலாமா?

“எங்களுக்கு அரை ஏக்கரில் பாகல் பந்தல் இருக்கிறது. நான்கு அறுப்பு முடிந்திருக்கிறது. பத்து நாள்களாகப் பிஞ்சு மஞ்சளாகி உதிர்கிறது. ஒரு சின்னக் குருவி நாள் முழுக்கப் பூவுக்குள் அலகை விட்டுக் குடைகிறது. ‘அதுதான் பூவைக் கெடுக்குது. வலையைக் கட்டு, இல்லாட்டி மருந்தை அடி’ என்கிறார் பக்கத்து நிலத்துக்காரர். இதற்கிடையில், அந்தக் குருவி பந்தல் ஓரத்தில் கூடு கட்டியிருப்பதை ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் பார்த்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் வைக்கப் படம் வேண்டும் என்று தினமும் செல்போனோடு போய் நிற்கிறாள். ‘நைனா, ரெண்டு எல கிள்ளிட்டா கூடு நல்லா தெரியும்’ என்றாள். நானும் சரி என்று கிள்ளிவிட்டேன். அன்றைக்கு வெகுநேரம் குருவி கூட்டுப் பக்கமே வரவில்லை. ‘மனுஷங்க கை பட்டுட்டா தாய்க்குருவி திரும்பாதுடா’ என்று என் அம்மா திட்டுகிறார். வாங்கிய மருந்து வீட்டில் இருக்கிறது. அடிக்கலாமா? கூட்டை எடுத்து வேறு மரத்தில் கட்டலாமா? குருவி திரும்ப வருமா?”

- பள்ளிப்பட்டு வட்டாரத்திலிருந்து ஒரு விவசாயி.

மருந்தை இப்போதைக்குப் பிரிக்க வேண்டாம். கூட்டை எடுக்கவும் வேண்டாம். பிஞ்சு உதிர்வதற்கும் அந்தக் குருவிக்கும் தொடர்பு இல்லை. உதிர்வை நிறுத்தவும் முடியும், கூட்டைக் காப்பாற்றவும் முடியும், மகள் நல்ல படமும் எடுக்க முடியும். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வந்திருப்பது யார்?

பூவுக்குள் அலகை விட்டுக் குடையும் சின்னக் குருவி என்றால் அது தேன்சிட்டு. பள்ளிப்பட்டு, நகரி பக்கம் தெலுங்கு பேசும் வீடுகளில் ‘தேனெ பிட்ட’ என்பார்கள். தமிழ்நாட்டுத் தோட்டங்களில் அதிகம் பார்க்கக் கூடியவை இரண்டு வகை.

ஒன்று, ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு. ஆணுக்கு முதுகு அடர்ந்த அரக்கு நிறம், வயிறு மஞ்சள், மார்பில் ஒரு அரக்குப் பட்டை, இறக்கைத் தோளில் பளிச்சென்று ஒரு பச்சைத் திட்டு. வாலுக்கு மேலே ஊதா மின்னும். பெண்ணுக்குத் தொண்டை வெளுத்து, மார்பு மஞ்சளாக, முதுகு மங்கிய பழுப்பாக இருக்கும்.

இரண்டாவது, ஊதாத் தேன்சிட்டு. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பறவை தலை முதல் வால் வரை கறுப்பாகத் தெரியும். வெயில் பட்டால் நீலமும் ஊதாவும் மின்னும். மற்றக் காலத்தில் பெண்ணைப் போல மஞ்சளாக மாறி, தொண்டையிலிருந்து வயிறு வரை ஒரு கறுப்புக் கோடு மட்டும் இருக்கும்.

இரண்டுமே நான்கு அங்குல நீளத்துக்குள் அடங்கிவிடும். எடை பத்து கிராம் அளவுதான். கூடு இரண்டுக்கும் ஒரே மாதிரி இருக்கும். கொடியின் நுனியிலோ, கிளையின் நுனியிலோ தொங்கும் ஒரு சின்னப் பை. பக்கவாட்டில் வாசல். வாசலுக்கு மேல் தாழ்வாரம் இறக்கியதுபோல ஒரு சின்னக் கூரை. நாரையும் புல்லையும் சிலந்தி நூலால் கட்டி, வெளியே மரப்பட்டைத் துணுக்கு, காய்ந்த பூ, புழுவின் எச்சம் என்று கிடைத்ததையெல்லாம் ஒட்டி வைத்திருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் காற்றில் சிக்கிய குப்பை என்றுதான் தோன்றும். எதிரி ஏமாறுவதற்காகத்தான் அப்படி. உள்ளே எருக்கம் பஞ்சு போன்ற மெத்தை. கட்டுவது பெண் பறவைதான். ஆண் கூடவே பறந்துகொண்டிருக்கும்.

பூவைக் கெடுக்கிறதா?

பாகலில் ஆண் பூ, பெண் பூ தனித்தனி. பூவுக்குப் பின்னால் குட்டிப் பாகற்காய் போல ஒரு பிஞ்சு இருந்தால் பெண் பூ. வெறும் காம்பு மட்டும் இருந்தால் ஆண் பூ. ஒரு கொடியில் ஆண் பூக்கள்தான் பல மடங்கு அதிகம். காலையில் விரிந்து, மகரந்தம் கொடுத்து, அன்றைக்கே வாடி விழுந்துவிடும். பந்தலுக்குக் கீழே மஞ்சளாகக் கொட்டிக் கிடப்பவற்றில் பெரும்பகுதி இவைதான். குருவி கொத்தினாலும் கொத்தாவிட்டாலும் அவை விழத்தான் செய்யும்.

தேன்சிட்டு பூவுக்கு வருவது தேனுக்கு மட்டுமல்ல. பூவிலும் இலையிலும் இருக்கும் சிறு பூச்சி, சிலந்தி, சின்னப் புழுவையும் பிடிக்கும். குறிப்பாக, குஞ்சு இருக்கும்போது பூச்சிகளைத்தான் தேடித்தேடிக் கொண்டுபோகும். தேனை மட்டும் குடித்து எந்தக் குஞ்சும் வளராது, புரதம் வேண்டும். அதற்காக, ‘தேன்சிட்டு இருந்தால் பந்தலில் பூச்சியே இருக்காது’ என்றும் நினைத்துவிட வேண்டாம். அதனால் முடிந்தது அதன் அலகு அளவுக்குத்தான். ஆனால், அது நஷ்டம் செய்யவில்லை என்பது உறுதி.

செம்பருத்தி போன்ற பூக்களில் மட்டும், அலகு அடிவரை எட்டாவிட்டால் பூவின் அடிப்பாகத்தில் ஓட்டை போட்டுத் தேனை உறிஞ்சும். பூ விற்பனைக்குச் செடி வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் உறுத்தலாக இருக்கலாம். பாகலுக்கு அந்தக் கவலை இல்லை.

பிஞ்சை அறுத்துப் பாருங்கள்

அப்படியானால் பிஞ்சு ஏன் உதிர்கிறது? இதற்குப் பதில் பந்தலுக்குக் கீழேயே கிடக்கிறது. உதிர்ந்த பிஞ்சில் பத்தை எடுத்துக் கத்தியால் பிளந்து பாருங்கள்.

உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தால், தோலில் ஊசி குத்தியதுபோலப் புள்ளியும் அதிலிருந்து பிசின் கசிந்த தடமும் இருந்தால், அது பழ ஈ. பாகல், பீர்க்கு, புடலை, சுரை என்று எல்லாப் பந்தல் காய்களுக்கும் பொது எதிரி. தாய் ஈ பிஞ்சின் தோலைத் துளைத்து உள்ளே முட்டை வைக்கிறது. புழு உள்ளேயே தின்று வளர்ந்து, காய் விழுந்ததும் வெளியே வந்து மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகிறது. அங்கிருந்து மறுபடியும் ஈயாக வெளியே வருகிறது.

உள்ளே புழு இல்லாமல், விரல் நீளத்தைத் தாண்டாமலே பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கியிருந்தால், பெரும்பாலும் மகரந்தம் சேராததுதான் காரணம். காலை வேளையில் தேனீ வராமல் போனால் இப்படி ஆகும். இந்த நிலையில் பூச்சிக்கொல்லி அடித்தால் இருக்கிற தேனீயும் போய், உதிர்வு இன்னும் கூடும்.

எப்படிப் பார்த்தாலும், குருவியை விரட்டுவதால் ஒரு காய்கூடக் கூடுதலாகக் கிடைக்காது.

பழ ஈக்கு என்ன செய்வது?

புழு இருந்த இடம் பிஞ்சுக்குள். மேலே அடிக்கும் மருந்து அங்கே சரியாக எட்டாது. அதனால், பழ ஈயைப் பொறுத்தவரை தெளிப்பானைவிடக் கைவேலைதான் அதிகப் பலன் கொடுக்கும்.

உதிர்ந்த பிஞ்சு, கொடியிலேயே பழுத்து அழுகிய காய் எல்லாவற்றையும் தினமும் பொறுக்குங்கள். வரப்பிலோ, எருக்குழியிலோ போடக் கூடாது. அங்கே போட்டால் ஈயை வளர்ப்பதுபோல ஆகிவிடும். இரண்டடி ஆழத்தில் புதையுங்கள், அல்லது பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டிச் சில நாள்கள் வெயிலில் போடுங்கள். உள்ளேயே புழு செத்துவிடும்.

பந்தலுக்குக் கீழே மண்ணை லேசாகக் கொத்திவிடுங்கள். மண்ணுக்குள் இருக்கும் கூட்டுப்புழு வெயிலுக்கும் எறும்புக்கும் கோழிக்கும் இரையாகும். வேர் அறுபடாமல் மேலாகக் கொத்தினால் போதும்.

இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். கடையில் கேட்கும்போது ‘பந்தல் காய்கறிக்கு’ என்று சொல்லி ‘கியூ லூர்’ மாத்திரை உள்ள பொறியாக வாங்க வேண்டும். மா, கொய்யாவுக்குக் கொடுப்பது ‘மெத்தில் யூஜினால்’. திருத்தணி, பள்ளிப்பட்டு பக்கம் மாந்தோப்புகளும் இருப்பதால் கடையில் மாற்றிக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு. அதைப் பாகல் பந்தலில் தொங்கவிட்டால் பணம்தான் வீண். ஏக்கருக்குப் பத்து என்ற கணக்கில் அரை ஏக்கருக்கு ஐந்து பொறி வைக்கலாம். இதில் விழுவது ஆண் ஈ மட்டும்தான். அதனால், பொறி வைத்துவிட்டோம் என்று காய் பொறுக்குவதை நிறுத்திவிடக் கூடாது.

தெளித்தே ஆக வேண்டும் என்றால் 3 சதவிகித வேப்பெண்ணெய்க் கரைசல் போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசலோடு. பூ விரிந்திருக்கும் காலையில் வேண்டாம். தேனீ அடங்கிய பிறகு, மாலையில் தெளியுங்கள். கூட்டைச் சுற்றிப் பத்தடிக்கு எதுவும் தெளிக்க வேண்டாம். கந்தகத் தூள், தாமிர மருந்துத் தூள் எதையும் பாகல் மேல் தூவ வேண்டாம். குருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவை கொடியையே கருக்கிவிடும்.

பத்தடி விட்டால் எவ்வளவு நஷ்டம் என்ற கேள்வி வரும். அரை ஏக்கர் என்பது 21,780 சதுர அடி. கூட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் பத்தடி விட்டால் சுமார் 314 சதுர அடி. நூற்றில் ஒன்றரைப் பங்குக்குச் சற்றுக் குறைவு. கூடு ஓரத்தில் இருப்பதால் அதிலும் பாதி பந்தலுக்கு வெளியே போய்விடும். அந்த இடத்திலும் காய் பறிக்காமல் விட வேண்டியதில்லை. குருவி வெளியே போயிருக்கும் நேரம் பார்த்து, ஒரே ஆள், பேச்சுக் கொடுக்காமல், இரண்டு நிமிஷத்தில் பறித்துக்கொண்டு வந்துவிடலாம்.

இரண்டு விஷயங்களை மட்டும் செய்யவே கூடாது. பக்கத்து நிலத்துக்காரர் சொல்லும் வலை ஒன்று. இவ்வளவு சின்னப் பறவை மெல்லிய வலையில் சிக்கினால் தப்பவே முடியாது. மற்றொன்று, மஞ்சள் ஒட்டுப்பொறி. வெள்ளை ஈக்கு நல்லதுதான், ஆனால் கூடு இருக்கும் பக்கம் வேண்டாம். ஒட்டியிருக்கும் பூச்சியை எடுக்கப் போய்க் குருவியே ஒட்டிக்கொள்ளும்.

தாய் திரும்புமா?

மனித வாசனை பட்டால் தாய்ப்பறவை கூட்டை விட்டுவிடும் என்பது எல்லா ஊரிலும் சொல்லப்படுவதுதான். பறவைகள் கூட்டை விடுவது வாசனையால் அல்ல. அடிக்கடி ஆள் வந்து நிற்பதாலும், மறைவு போய்விடுவதாலும்தான் விடுகின்றன. அம்மா சொன்ன காரணம் சரியில்லை என்றாலும், சொன்ன எச்சரிக்கை சரியானதுதான்.

இலையைக் கிள்ளியதில் இரண்டு ஆபத்து. ஒன்று வெயில். முட்டையோ, இறகு முளைக்காத குஞ்சோ நேர் வெயிலைத் தாங்காது. இன்னொன்று, கண்ணில் படுவது. இதுவரை குப்பையாகத் தெரிந்தது இப்போது கூடாகத் தெரியும். காகமும் செண்பகமும் ஓணானும் பந்தலைச் சுற்றிக்கொண்டேதான் இருக்கின்றன. படத்துக்கு நன்றாகத் தெரியும் கூடு அவற்றுக்கும் நன்றாகத் தெரியும்.

அதனால் இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். குருவி வெளியே போயிருக்கும்போது, பக்கத்துக் கொடி ஒன்றை மெதுவாக இழுத்து, கிள்ளிய இடத்தை மறைப்பதுபோலப் பந்தல் கம்பியில் சணலால் கட்டுங்கள். கொடி எட்டாவிட்டால், கூட்டுக்கு இரண்டு அடி மேலே காய்ந்த தென்னங்கீற்றுத் துண்டு ஒன்றை வைத்துக் கட்டலாம். கூட்டையும் அது தொங்கும் கொடியையும் தொட வேண்டாம். வேலை ஒரு நிமிஷத்தில் முடிய வேண்டும். பிறகு அன்றைக்கு யாரும் அந்தப் பக்கம் போகக் கூடாது.

மறுநாள் காலையில் இருபத்தைந்து அடி தள்ளி நின்று பாருங்கள். வாசலில் வளைந்த அலகு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தால் அடைகாக்கிறது என்று அர்த்தம். சில நிமிஷத்துக்கு ஒரு முறை அலகில் பூச்சியோடு வந்துபோனால் குஞ்சு பொரித்துவிட்டது. இரண்டு நாள்கள் பார்த்தும் எதுவும் வரவில்லை என்றால் கூடு கைவிடப்பட்டது. அப்படி ஆகியிருந்தால் அதற்குச் செய்ய ஒன்றும் இல்லை. தேன்சிட்டு ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேலும் குஞ்சு பொரிக்கும் பறவை. மறைவும் அமைதியும் இருந்தால் அதே தோட்டத்தில் வேறு இடம் பார்த்துக் கட்ட வாய்ப்பு உண்டு.

கூட்டை எடுத்து வேறு மரத்தில் கட்டும் யோசனையை விட்டுவிடுங்கள். தாய் தேடி வருவது பழைய இடத்துக்குத்தான். பத்தடி தள்ளிக் கட்டினாலும் அதற்கு அது வேறு கூடு. தவிர, காட்டுப் பறவையின் கூட்டைக் கலைப்பதும் முட்டையைச் சேதப்படுத்துவதும் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்குச் சமமான குற்றம். சொந்த நிலம் என்பதால் விலக்கு கிடையாது.

காத்திருக்க வேண்டிய காலம் அதிகமில்லை. வழக்கமாக இரண்டு முட்டை. ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு 14 முதல் 16 நாள்கள் அடைகாக்கும். பொரித்து ஏறக்குறைய 17 நாள்களில் குஞ்சு பறந்துவிடும். முட்டையிட்ட நாளிலிருந்து கணக்கிட்டாலே ஒரு மாதம்தான். ஏற்கெனவே சில நாள்கள் போயிருக்கும். நான்கு அறுப்பு முடிந்த பாகல் பந்தலில் அதைவிட அதிக நாள் காய்ப்பு பாக்கி இருக்கும். அதுவரை அந்த மூலையைச் சும்மா விடுவதில் சிரமம் இருக்காது.

மகள் எடுக்க வேண்டிய படம்

ஆசையைத் தடுக்க வேண்டாம். இடத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். கூட்டில் அல்ல, பூவில் எடுக்கட்டும். கூட்டில் எடுத்தால் கிடைப்பது ஒரு பையும் அதில் ஒரு அலகும்தான். பூவில் எடுத்தால் பறவை முழுதாகக் கிடைக்கும். பள்ளிக்கூடத்தில் வைக்கவும் அதுதான் அழகு.

தேன்சிட்டுக்குத் தினமும் போகும் வழி ஒன்று உண்டு. இந்தப் பூ, அடுத்து அந்தப் பூ, பிறகு வேலியோரச் செம்பருத்தி என்று சுற்றிவரும். முதல் இரண்டு நாள்கள் செல்போனை வெளியே எடுக்காமல், கால் மணி நேரம் உட்கார்ந்து அந்த வழியைப் பார்த்து எழுதி வைக்கட்டும். கூட்டிலிருந்து நல்ல தூரத்தில், குருவி அடிக்கடி வரும் ஒரு பூங்கொத்தைத் தேர்ந்தெடுத்து, பந்தல் காலில் முதுகைச் சாய்த்து, சாக்கு விரித்து உட்கார வேண்டும். பளிச்சென்ற சட்டை வேண்டாம். கை அசையாமல் இருந்தால் இருபது நிமிஷத்தில் குருவி ஆளை மறந்துவிடும். மற்ற குருவிகள் உட்கார்ந்து தின்பதுபோல, தேன்சிட்டும் காம்பைப் பிடித்து உட்கார்ந்துதான் பெரும்பாலும் தேன் குடிக்கும். அந்த ஒன்றிரண்டு நொடிதான் படத்துக்கான நேரம்.

காலை ஏழிலிருந்து ஒன்பது மணி நல்ல வெளிச்சம். சூரியன் எடுப்பவரின் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். தேன்சிட்டின் மினுக்கம் சாயம்போல ஊறிய நிறமல்ல. இறகின் நுண்ணிய அடுக்குகளில் வெளிச்சம் பட்டுத் திரும்புவதால் தெரிவது. அதனால்தான் ஒரு பக்கம் திரும்பினால் கரிக்கட்டை, மறுபக்கம் திரும்பினால் மயில் கழுத்து. வெயிலுக்கு எதிரே நின்று எடுத்தால் எவ்வளவு விலையுயர்ந்த போனிலும் கறுப்பாகத்தான் விழும்.

செல்போனில் பெரிதாக்கி எடுத்தால் படம் பூசினாற்போல ஆகிவிடும். பாதியளவு பெரிதாக்கினால் போதும், மிச்சத்தைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். லென்ஸைத் துணியால் துடைத்து, போனைப் பந்தல் காலில் அழுத்தி வைத்து, வீடியோவாக எடுத்து அதிலிருந்து ஒரு காட்சியைப் பிரித்துக்கொள்வதும் சுலபம்.

ஃபிளாஷ் வேண்டாம். போனில் குருவிச் சத்தம் போட்டுக் கூப்பிட வேண்டாம். வேறு ஆண் பறவை வந்துவிட்டதென்று அது சண்டைக்கு அலைந்து களைத்துப்போகும். அலகில் பூச்சியை வைத்துக்கொண்டு கூட்டுக்குள் போகாமல் ‘சிக் சிக்’ என்று சுற்றிச்சுற்றிக் கத்தினால், ‘நீ கிட்டே இருக்கிறாய், தள்ளிப் போ’ என்று சொல்கிறது. உடனே எழுந்து வந்துவிட வேண்டும். அன்றைக்குப் படம் இல்லை என்றாலும் பரவாயில்லை.

இப்படிப் பொறுமையாகப் பார்ப்பதற்கு நம் ஊரிலேயே பெரிய முன்னோடி உண்டு. 1912-ல் திருநெல்வேலியில் பிறந்த மா.கிருஷ்ணன், எழுத்தாளர் அ.மாதவையாவின் மகன். காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தவர். பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒட்டிக்கட்டிய கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று கேலியாகப் பெயர் வைத்திருந்தார். ‘தி ஸ்டேட்ஸ்மேன்’ நாளிதழில் 1950-ல் தொடங்கிய இயற்கைப் பத்தியை 1996-ல் இறக்கும்வரை விடாமல் எழுதினார். யானையைப் பற்றி எழுதிய அதே அக்கறையோடு வீட்டுக் கொல்லைக்கு வரும் பறவைகளைப் பற்றியும் எழுதினார். அவருடைய கேமரா இன்றைய செல்போனைவிடக் கனமானது, மெதுவானது. ஆனால், நாள் கணக்கில் பார்த்த பிறகுதான் எடுத்தார்.

மகள் ஒரு நோட்டும் போடட்டும். எந்தத் தேதியில் அடை, எந்தத் தேதியில் பொரிப்பு, மணிக்கு எத்தனை முறை இரை, என்றைக்குக் குஞ்சு பறந்தது என்று எழுதினால், படத்தைவிட அந்த நோட்டுக்குத்தான் பள்ளிக்கூடத்தில் மதிப்பு அதிகம். தமிழ்நாட்டில் 2015 முதல் ஜனவரியில் பொங்கலையொட்டிப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. கட்டணம் இல்லை, பட்டம் தேவையில்லை. வீட்டுத் தோட்டத்தில் குறைந்தது கால் மணி நேரம் பார்த்து, கண்ட பறவைகளை ‘இ-பேர்ட்’ செயலியில் பதியலாம். நகரத்துத் தோட்டங்களிலிருந்து பதிவு நிறைய வரும். கொசஸ்தலை ஆற்றுப் பக்கத்து வயலிலிருந்தும் பாகல் பந்தலிலிருந்தும் வந்தால் அதற்குத் தனி மதிப்பு.

“பைக் கண்ணாடியை ஒரு தேன்சிட்டு தினமும் வந்து கொத்துகிறது. எச்சமும் போட்டுவைக்கிறது. கெட்ட சகுனமா?”

சகுனம் எதுவும் இல்லை. கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தை, தன் எல்லைக்குள் வந்த வேறு பறவை என்று நினைத்துச் சண்டை போடுகிறது. பக்கத்தில் எங்கோ கூடு இருக்கலாம். குருவிக்கு அலகு வலியும் களைப்பும்தான் மிச்சம். வண்டியை நிறுத்தியதும் இரண்டு கண்ணாடியிலும் பழைய காலுறையையோ துணிப்பையையோ மாட்டிவிடுங்கள். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் தானாக நின்றுவிடும்.

“வீட்டு வாசலுக்குத் தேன்சிட்டு வர என்ன கொடி வைக்கலாம்? சர்க்கரைத் தண்ணீர் வைத்தால் வருமா?”

சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம். வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும், எறும்பும் மொய்க்கும். பூவே போதும். வேலியில் மயில்மாணிக்கம் விதையைத் தூவினால் மழைக்குப் பிறகு சிவப்பு ஊசிப்பூவாகக் கொட்டும். வாசல் பந்தலுக்கு ரங்கூன் மல்லி நல்லது. சாயங்காலம் மணக்கும், சிட்டும் வரும். செம்பருத்தி, இட்லிப்பூ, மாதுளை, முருங்கை, கல்யாண முருங்கை எல்லாவற்றுக்கும் வரும். கொல்லையில் வாழை பூ தள்ளினால் முதல் விருந்தாளியே தேன்சிட்டுதான். ஓரத்தில் ஒரு எருக்கஞ்செடியை வெட்டாமல் விட்டால் கூட்டு மெத்தைக்குப் பஞ்சு கிடைக்கும். மூலையில் இருக்கும் சிலந்தி வலையைக் கொஞ்சம் விட்டுவைத்தால் கூடு கட்ட நூல் கிடைக்கும்.

பள்ளிப்பட்டு வாசகருக்கு மீண்டும் ஒரு வார்த்தை. குஞ்சு பறந்த பிறகும் ஒரு வாரம் அந்த மூலையை விட்டுவிடுங்கள். கொடியைப் பிரிக்கும் நாளில் காலிக் கூட்டை மகளிடம் காட்டுங்கள். சிலந்தி நூல் எங்கே, எருக்கம் பஞ்சு எங்கே என்று அவள் நோட்டில் வரைந்து வைக்கட்டும். அதுவரை தினமும் பிஞ்சு பொறுக்குவதை மட்டும் மறக்காதீர்கள்.